வட்டார வள மையத்தின் இயன்முறைப் பயிற்சி: ஓராண்டு அனுபவம்

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள என் 8 வயது மகளை, எங்கள் ஒன்றியத்தில் பள்ளிக் கல்விக்கான அரசு மையமான வட்டார வள மையத்தில் நடக்கும் இலவச இயன்முறைப் பயிற்சிக்கு (பிசியோதெரபி) ஓராண்டாக அழைத்துச் சென்று வருகிறேன். ஒரு பெரிய காற்றுப்பந்து, நடைபழக இணைக் கம்பிகள், மூன்று படி கொண்ட மரப்படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடி, தரைவிரிப்பு என்று அறையில் இருப்பவை சொற்பமே. இதற்கு முன் பணம் கட்டிச் சென்ற இரண்டு இடங்களில் இதைப்போல் பல மடங்கு கருவிகள் இருந்தன. ஆனாலும் என் மகள் முன்னேறியது இங்கேதான்.

முதல் நாளே இயன்முறை மருத்துவர், கழுத்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் குட்டிக்கரணம் போன்றவற்றைச் செய்யவைக்கக் கூடாது என்றார். முன்பு சென்ற இடங்களில் எவரும் கேட்காத கேள்வி அது.

அவள் படியிறங்க அடம்பிடிப்பதைச் சோம்பல் என்று நினைத்துப் பலமுறை அதட்டியிருக்கிறேன்; இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. தசைகளின் இறுக்கம் பிறவியிலேயே குறைவாகவும் மூட்டுகள் மிகவும் நெகிழ்வாகவும் இருக்க, அடுத்து எந்தக் காலை எங்கே வைப்பது என்று மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளவும் அவளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது என்பதை இங்கேதான் பொறுமையாக விளக்கினார்கள்.

பந்து பிடிக்கக் கற்றுத்தந்த முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பந்துக்குப் பதில் பலூனில் தொடங்கினார்கள். மெல்ல இறங்கும் பலூன்கூட முதல் சில வாரங்களில் அவள் நெஞ்சில் பட்டுத் தரையில் விழுந்த பிறகுதான் இரு கைகளும் ஒன்றுசேரும். மருத்துவர் "பிடி" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் காத்திருப்பார். பலூன் கைக்குள் நிற்கத் தொடங்கியதும் துணிப்பந்து, அதன்பின் ரப்பர் பந்து. விரல்களுக்குப் பல்லாங்குழி. முதலில் புளியங்கொட்டைகளை உள்ளங்கையால் வாரியவள், இப்போது கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாக எடுக்கிறாள். சீருடையின் மேல் பொத்தான்கள் இரண்டைத் தானே போட்டுக்கொள்கிறாள்.

குறைகளும் உண்டு. மருத்துவர் வாரத்தில் ஒரு நாள்தான் எங்கள் மையத்துக்கு வருகிறார். இப்பிள்ளைகளுக்கு நீண்ட நேரப் பயிற்சியைவிட நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சியே பலன் தருவது. அமெரிக்காவில் டேல் உல்ரிக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 30 கைக்குழந்தைகளுக்கும் வழக்கமான இயன்முறைப் பயிற்சி கிடைத்தது. அத்துடன் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 8 நிமிடம் சிறிய டிரெட்மில்லில் பெற்றோர் பிடித்துக்கொள்ள நடைபழகியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 101 நாள் முன்னதாகத் தனித்து நடந்தனர். நம்மால் டிரெட்மில் வாங்க இயலாது. 8 நிமிடம் ஒதுக்க இயலும். அதற்கு வீட்டில் செய்ய வேண்டியதை மையம் எழுதித் தர வேண்டும். இங்கோ வாயால்தான் சொல்கிறார்கள், பேருந்து ஏறுவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்க் கேட்ட பிறகு, மருத்துவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு வாரமும் படம் வரைந்தே எழுதித் தருகிறார். கேட்காத தாய்மாருக்கும் இது கிடைக்க வேண்டும். வாசலின் சாய்தளத்தில் வழவழப்பான ஓடு பதித்திருப்பதும் சரியன்று. மழை நாளில் பெரியவர்களுக்கே கால் வழுக்குகிறது.

புதிதாகச் செல்வோர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பழைய மருத்துவக் குறிப்புகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பிள்ளைக்குச் செருப்புக்குப் பதிலாகக் கணுக்காலைப் பிடிக்கும் ஷூ போட்டுவிடுங்கள். நொண்டியாட்டத்துக்கு முன்படியாக ஒற்றைக்காலில் நிற்பதை எங்கள் நோட்டில் இந்த வாரம் எழுதியிருக்கிறார்கள். நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும்வரை நின்றாள்.