சென்பொன்சகுரா: மிகுவா, வகாக்கி பேண்டா?

சென்பொன்சகுரா என்ற ஒரே ஜப்பானியப் பாட்டுதான், ஆனால் அதன் இரண்டு வடிவங்களையும் கேட்டால் வேறு வேறு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். 2011-இல் குரோஉசா-பி என்ற இசையமைப்பாளர் போட்ட மூலத்தில் பாடுவது ஆளே இல்லை, ஹட்சுனே மிகு என்ற வோக்கலாய்ட் குரல், அதாவது கணினி மென்பொருள் பாடும் குரல். மூச்சு வாங்க வேண்டியதில்லையே, சொற்கள் பட்டாசுச் சரமாக வெடித்துக்கொண்டே போகும். துள்ளலுக்கு இதை அடிக்க ஆளில்லை.

2014-இல் வகாக்கி பேண்ட் என்ற ஜப்பானிய ராக் குழு எடுத்துப் பாடியதில் எலக்ட்ரிக் கிட்டாரோடு கோட்டோ என்ற நீளமான தந்தி வாத்தியம், ஷகுஹாச்சி மூங்கில் குழல், தைகோ முரசு எல்லாம் சேருகின்றன. அதிலும் அந்த மூன்று தந்தி ஷமிசென்! விசிறி மாதிரி விரிந்த பாச்சி என்ற மீட்டுக் கட்டையால் அடிக்கும்போது அது தந்தியோடு வாத்தியத்தின் தோலிலும் பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். அப்புறம் குழுவின் பாடகி யூகோ சுசுஹானா, ஷிகின் என்ற பழைய கவிதைப் பாட்டு முறை கற்றவர். அந்தக் குரல் குலுக்கல் மிகுவுக்கு வராது.

ஆடுவதற்கு மிகு, சரி. ஜப்பான் வாசனைக்கு வகாக்கிதான்.