ஆறு வருடமாகப் பாட்டுக்கு நேரம் குறிக்கிறேன்

"பண்ணு கேக்குது கண்ணு, சொல்லுத்தான் பிடிபட மாட்டேங்குது."

2019 மார்கழியில் ஒரு காலை நேரம் அம்மா இப்படிச் சொன்னார். ஓதுவார் பாடிய தேவாரப் பதிகம் ஒன்று டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வயதில் வரும் காது மந்தம் அப்படித்தான் தொடங்கும். உயர்ந்த அலைவரிசைகள் முதலில் மங்கும். நீட்டிப் பாடும் உயிரெழுத்து காதில் விழும், க, ச, த போன்ற ஒலிகள் கரைந்துபோகும். அம்மாவிடம் பதிகப் புத்தகம் இருந்தது. ஆனால் ஓதுவார் ஒரு அடியை எடுத்து, பாதியில் நிறுத்தி, திரும்ப எடுத்து, இரண்டு மூன்று முறை மடக்கிப் பாடுவார். அதற்குள் அம்மாவின் விரல் புத்தகத்தில் வேறெங்கோ போயிருக்கும். பாட்டோடு சேர்ந்து நகரும் எழுத்து வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு வரி ஏற்றிவிட்டேன். இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் சில வாரங்களையாவது மிச்சப்படுத்தும் என்று நம்பி எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. எல்.ஆர்.சி. என்பது பாட்டோடு வரிகளை ஓடவிடுவதற்காக 1990களின் கடைசியில் வந்த ஒரு கோப்பு முறை. உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சதுர அடைப்புக்குள் [01:27.45] என்று நேரம் இருக்கும். ஒரு நிமிடம், இருபத்தேழு வினாடி, அதற்கு மேல் நூறில் நாற்பத்தைந்து பங்கு என்று பொருள். பாட்டுக் கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயரை இதற்கும் வைத்து, அதே ஃபோல்டரில் போட்டால் போதும். பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும்.

முதலில் எல்லோரையும் போல நானும் இணையத்தில்தான் தேடினேன். இன்று தேடுபவர்கள் எல்.ஆர்.சி.லிப் என்ற இலவசத் தரவுத்தளத்திலிருந்து தொடங்கலாம். பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் இல்லை. எல்.ஆர்.சி.கெட் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, பாட்டு ஃபோல்டரைக் காட்டினால் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், நீளம் நான்கையும் வைத்துத் தேடி, கிடைப்பதை எல்லாம் அந்தந்தப் பாட்டின் பக்கத்தில் இறக்கி வைத்துவிடும். நீளத்தில் இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பொருத்தத்தை ஏற்காது. அந்தக் கண்டிப்பு நல்லது. அதே பாட்டு படத்தில் ஒரு நீளம், ஆல்பத்தில் ஒரு நீளம் இருக்கும். அதனால் இறக்குவதற்கு முன் உங்கள் பாட்டுகளின் டேக்குகளை, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயர், பாடகர் போன்ற விவரங்களை, சரிசெய்யுங்கள். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தளத்தின் முகவரி உட்கார்ந்திருந்தால் எதுவும் கிடைக்காது. எம்பி3டேக் என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தேன்.

என் தொகுப்பில் ஆங்கிலப் பாட்டுகளுக்கும் இந்திப் பாட்டுகளுக்கும் தாராளமாகக் கிடைத்தன. புதிய தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு ஓரளவு கிடைத்தன, அவற்றிலும் கணிசமானவை ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ழகரமும் ளகரமும் ஒன்றாகி, குறில் நெடில் தெரியாத அந்த வரிகளை அம்மாவிடம் காட்ட முடியாது. பழைய பாட்டுகளுக்குச் சொற்பம். தேவாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஆக, தமிழைப் பொறுத்தவரை தேடுவது சின்ன வேலை, செய்வதுதான் பெரிய வேலை.

இறக்கிய கோப்பை அப்படியே நம்பவும் வேண்டாம். மூன்று இடத்தில் மட்டும் சோதிப்பேன்: முதல் வரி, இரண்டாம் சரணத்தின் தொடக்கம், கடைசி வரி. மூன்றும் பொருந்தினால் நடுவில் பெரும்பாலும் பிசகு இருக்காது.

சொந்தமாகச் செய்யும் முறை இது. முதலில் வரிகளை மட்டும் சுத்தமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு வரி தொடங்கும்போதும் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். எல்.ஆர்.சி.கெட்டிலேயே அதற்கு வசதி உண்டு. ஃபூபார்2000 பிளேயரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓப்பன்லிரிக்ஸ் என்ற இணைப்பு இருக்கிறது. சிக்கலான பாட்டுக்கு நான் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குப் போய்விடுவேன். ஒலியலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கண்ட்ரோல்-எம் தட்டினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். குறிகளை இழுத்து நகர்த்தலாம், கடைசியில் எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். நேரம் வெறும் வினாடிக் கணக்கில் வரும், விரிதாளில் போட்டு நிமிடமாக மாற்ற வேண்டும். நான்கு நிமிடப் படப் பாட்டுக்கு இப்போது எனக்கு இருபது நிமிடம் ஆகிறது.

முதல் மூன்று மாதம் செய்த அத்தனை கோப்பும் வீணானது. ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு தட்டியதுதான் காரணம். ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி தாமதமாகும். காதில் விழுந்த பிறகு விரல் அசைய இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட அரை வினாடி பிந்தியே வந்தது. வயர் ஹெட்போன் வாங்கி, எல்லாவற்றையும் சரியாகக் குரல் தொடங்கும் புள்ளிக்கே கொண்டுவந்து, பெருமையோடு அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு பாட்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் முன்னாடியே வந்தாத் தேவல கண்ணு. அவரு பாட ஆரம்பிச்சப்பறம் எழுத்து வந்தா நான் எப்பப் படிச்சு எப்பப் பாடறது?"

அவர் கேட்க மட்டும் இல்லை, கூடவே பாடவும் செய்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பவருக்கு வரி குரலோடு வந்தால் போதும். பாடுபவருக்கு மூச்செடுக்கும் நேரத்திலேயே வர வேண்டும். அதிலிருந்து அம்மாவுக்கான கோப்புகளில் ஒவ்வொரு வரியையும் முக்கால் வினாடி முன்னால் தள்ளினேன். ஆஃப்செட் என்று ஒரே ஒரு வரி எழுதி மொத்தத்தையும் நகர்த்தும் வழி அந்தக் கோப்பு முறையிலேயே உண்டு. கூட்டல் குறி போட்டால் வரி முன்னால் வர வேண்டும் என்பது வழக்கம். ஆனால் சில பிளேயர்கள் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன, சில கண்டுகொள்வதே இல்லை. விரிதாளில் எல்லா நேரத்திலிருந்தும் அந்த முக்கால் வினாடியைக் கழித்து எழுதிவிடுவதே நிரந்தரத் தீர்வு.

இடையிசை வரும் இடத்தில் வெறும் நேரத்தை மட்டும் போட்டு, வரியைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் பாடி முடித்த வரி திரையிலேயே நிற்கும். டேப்லெட் நின்றுவிட்டது என்று அம்மா இரண்டு முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள் தனிக் கதை. அப்பா சேர்த்த கேசட்டுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். தேய்ந்த பெல்ட்டும் பழைய மோட்டாரும் உள்ள டெக்கில் அது கூடும், குறையும். அதே பாட்டு குறுந்தகட்டில் 4 நிமிடம் 36 வினாடி, என் கேசட் பிரதியில் 4 நிமிடம் 32 வினாடி. குறுந்தகட்டுக்குச் செய்த கோப்பைப் போட்டால் முதல் வரி பொருந்துவதுபோல் இருக்கும், போகப் போக விலகி, கடைசி வரியில் நான்கு வினாடி பின்தங்கும். மொத்தமாக நகர்த்தினால் தொடக்கம் கெடும். ஒவ்வொரு நேரத்தையும் 272ஆல் பெருக்கி 276ஆல் வகுக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் வெற்று நாடா இருந்தால் முதல் வரி, கடைசி வரி இரண்டின் நேரத்தையும் அளந்து, இடைப்பட்டதை அந்த விகிதத்தில் நிரப்பலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் கேசட் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி முடித்திருந்தேன்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பதிக வரிகளுக்கு, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை எடுத்தேன். 1998 பொங்கலில் தொடங்கிய அந்தத் தொண்டர்கள் தட்டெழுதி வைத்திருக்காவிட்டால் இந்த வேலையை நான் தொடங்கியே இருக்க மாட்டேன். என்னிடம் இருந்தவை பல வருடங்களுக்கு முன் இறக்கி வைத்த பிரதிகள், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருந்தன. என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றினேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கும் இதே வழிதான். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று பார்த்துச் சேமியுங்கள். ஆன்சி என்று சேமித்தால் அத்தனை எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்ததிலும் அடிபட்டேன். யூனிகோடில் 'கொ' என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பாட்டின் பெயர் ஒருவிதம், வரிக் கோப்பின் பெயர் இன்னொருவிதம் ஆனதால் பிளேயர் இரண்டையும் சேர்க்கவே இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கோப்புப் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன். உள்ளே இருக்கும் டேக்குகளும் வரிகளும் தமிழிலேயே இருக்கின்றன.

இவை எல்லாம் தெரிந்துகொண்டால் தீரும் தொல்லைகள். வரியை எங்கே உடைப்பது என்பதுதான் இன்றைக்கும் என்னை யோசிக்க வைக்கிறது. புத்தகத்தில் ஒரு அடி ஒரு வரியாக இருக்கும். ஓதுவாரோ முதல் இரண்டு சீரை மட்டும் பாடி மூச்செடுப்பார், பிறகு முழு அடியையும் எடுப்பார், அடுத்த அடியின் முதல் சீரை இதோடு சேர்த்துக்கொண்டு போவார். புத்தகத்தைப் பின்பற்றினால் திரையும் குரலும் ஒட்டாது. ஆகவே மூச்சு எங்கே விழுகிறதோ அங்கே உடைக்கிறேன். மடக்கிப் பாடும் ஒவ்வொரு முறைக்கும் அந்த வரியைத் திரும்ப எழுதுகிறேன். ஒரே வரிக்கு முன்னால் இரண்டு மூன்று நேரங்களை அடுக்கும் குறுக்குவழி உண்டு. ஆனால் திரும்பப் பாடும்போது ஒரு அசையாவது மாறும், ஒரு சொல்லாவது கூடும். அதைக் காதால் கேட்டு எழுதுவதே எனக்கு நிறைவு.

சொற்களைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி. "பொன்னடின்னு சேத்தியே எழுது, பிரிச்சா வாய் நிக்குது" என்பது அம்மாவின் கட்சி. என் மகள் பள்ளியில் தமிழ் எடுக்கவில்லை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குப் 'பொன் அடி' என்று பிரித்தால்தான் புரியும். முடிவில் ஒரே நேரத்தைப் போட்டு இரண்டு வரி எழுதினேன், மேலே சேர்த்தது, கீழே பிரித்தது. ஒரே நேரமுள்ள இரண்டு வரிகளைப் பல பிளேயர்கள் சேர்த்தே காட்டும். சில ஒன்றை விழுங்கிவிடும், உங்கள் பிளேயரில் முதலில் ஒரு பாட்டில் சோதித்துப் பாருங்கள்.

மகளுக்காகச் செய்தது 2022க்குப் பிறகு. எட்டு வயதில் தமிழ்ப் பத்தி ஒன்றைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பாட்டு வரி என்றால் உட்கார்ந்துவிடுவாள். அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி 1990களிலேயே இதைத்தான் முன்வைத்தார்: திரைப்பாட்டுக்கு அதே மொழியில் எழுத்து ஓடவிட்டால் பார்ப்பவர்களுக்கு வாசிப்பு பழகும். குஜராத்தில் தூர்தர்ஷன் பாடல் நிகழ்ச்சியில் 1999ல் அது நடைமுறைக்கும் வந்தது. அதில் பாடும் சொல் எதுவோ அது நிறம் மாறும். நானும் சொல்லுக்குச் சொல் நேரம் குறித்துப் பன்னிரண்டு பாட்டு செய்தேன். ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. நாலைந்து மாதத்தில், "அப்பா, கலர் வேண்டாம், அது ஓடறதுக்கு முன்னாடியே நான் படிச்சுடறேன்" என்றாள். அதோடு வரிக்கு வரி போதும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தானாகச் செய்ய முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முயன்றேன். பேச்சுக்கு நன்றாக வருவது பாட்டில் தடுமாறுகிறது. நாதஸ்வரம் ஒலிக்கும் இடத்தில் யாரும் பாடாத சொற்களை எழுதிவைத்தது. வேறொரு விதத்தில் எனக்குப் பயன்பட்டது டெமுக்ஸ் என்ற இலவச மென்பொருள், பாட்டிலிருந்து குரலை மட்டும் தனியே பிரித்துத் தரும். இரைச்சல் மிகுந்த கேசட் பதிவுகளில் பல வருடம் தவறாகக் கேட்ட சொற்களை அப்படித்தான் திருத்தினேன்.

வீட்டில் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் மியூசிக்கோலெட் பிளேயர் இருக்கிறது. இணையமே இல்லாமல் ஓடும், எழுத்தையும் பெரிதாக்கலாம். வரிக் கோப்பைத் தனியாக வைப்பதோடு பாட்டின் டேக்குக்குள்ளும் அதே வரிகளை ஏற்றிவிடுகிறேன். பிரதி எடுக்கும்போது ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கும்.

செய்தவற்றில் பதிகங்களை மட்டும் எல்.ஆர்.சி.லிப்பில் பொதுவில் சேர்க்கிறேன். திரைப்பாட்டு வரிகளுக்கு எழுதியவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு, அவை எங்கள் வீட்டோடு நிற்கின்றன.

அம்மா இப்போது இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறார். சொற்கள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன என்கிறார், ஆனாலும் எழுத்தை நிறுத்த விடவில்லை. போன வாரம் புதிதாக ஒரு பதிகம் கேட்டார். பதிவு 23 நிமிடம், பதினொரு பாட்டு. நேற்று இரவோடு எட்டு முடிந்தது.