ஒன்ராறியோ விதைப்பானும் உரும்பிராய்ச் செம்மண்ணும்: ஐந்து காலபோக அனுபவம்

பெயின்ற் அடித்தது வீண் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், இதேபோல ஒரு பழைய இரும்பைக் கொட்டிலில் போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பத்து நாளாவது மிஞ்சும். 2019இல் இந்த விதைப்பான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வந்திறங்கியபோது நான் மெனக்கெட்ட நேரத்தில் பாதிக்கு மேல் துரு உரசுவதிலும் பச்சை பூசுவதிலும் போனது. மூன்றாவது காலபோகம் (மழைக்காலப் பயிர்ப் போகம்) முடியும்போது அந்தப் பச்சையைச் செம்மண் தானாகவே உரசி எடுத்துவிட்டது. இன்று அது ஒரு நிறமுமில்லாத இரும்பு. விதை மட்டும் முன்பைவிட ஒழுங்காக விழுகிறது.

வந்த கதை சுருக்கமானது. ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான் ஒரு பண்ணை ஏலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய், "இரும்பு விலைக்குப் போகிறது, உனக்கு வேண்டுமா?" என்று படம் அனுப்பினார். நிரைப்பயிர் விதைக்கும் கருவி, நிரைக்கு ஒன்றாக இரண்டு அலகுகள். பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. கழற்றித் துண்டு துண்டாக்கி, வீட்டுக்கு அனுப்பும் கப்பல் பெட்டியின் அடியில் போட்டு, மேலே மாமிக்குப் போர்வையும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் அடுக்கி அனுப்பினார். பெட்டியைத் திறந்தபோது அம்மா கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இதை அங்கே எறிய இடமில்லாமலா இங்கே அனுப்பினவன்?"

இது தட்டு விதைப்பான். விதைப் பெட்டியின் அடியில் சிறிய சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு வட்டத் தட்டு படுக்கையாகச் சுழலும். அதன் விளிம்பைச் சுற்றிக் குழிகள். ஒரு குழிக்கு ஒரு விதை. மிகுதியாக ஏறும் விதைகளை ஒரு நாக்கு வழித்துத் தள்ளும். குழி குழாய்க்கு நேரே வரும்போது இன்னொரு சிறு சில்லு விதையைக் கீழே தட்டிவிடும். முன்னால் கொழு சால் கீறிக்கொண்டு போக, பின்னால் வரும் அழுத்துச் சில்லு மண்ணை மூடி அமர்த்தும். தட்டைச் சுழற்றுவதும் அதே சில்லுதான், ஒரு சங்கிலி வழியாக. மோட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். 1970களில் விரல்போல் விதையைப் பிடித்தெடுக்கும் முறையும் காற்றழுத்த முறையும் பரவியபின் வட அமெரிக்கப் பெரும் பண்ணைகள் தட்டு விதைப்பான்களைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டன. அங்கே சிறு தோட்டக்காரர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். தட்டுகளும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன.

இரும்பு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறுகிப்போன அச்சை மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து மூன்று நாள் ஊறவைத்து, சூடு காட்டிக் கழற்றினோம். பெயறிங்குகள் இங்கேயே கிடைத்தன. சங்கிலியை மோட்டார் சைக்கிள் சங்கிலியாக மாற்றி, அதற்கேற்ற பற்சில்லுகளை வெல்டிங் பட்டறையில் பொருத்தினேன். ஓட்டை விழுந்திருந்த விதைப் பெட்டிக்குப் பதிலாகத் தகர வேலை செய்பவரிடம் கல்வனைஸ் தகட்டில் இரண்டு பெட்டி அடித்தேன். உரப் பெட்டியின் அடி உப்பால் தின்னப்பட்டிருந்ததால் அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டேன். பாரமும் குறைந்தது.

தட்டு வேறு கதை. கூட வந்தவை சோளனுக்கும் சோயாவுக்குமான தட்டுகள். சோயாத் தட்டில் உழுந்தைப் போட்டுச் சீமெந்துத் தரையில் ஓட்டிப் பார்த்தால் இரண்டு, மூன்று, சில இடத்தில் ஐந்து விதை விழுந்தது. கச்சானோ (நிலக்கடலை) எந்தக் குழியிலும் இறங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தட்டு எடுப்பிக்கலாம் என்றாலும், நம்முடைய விதை அவர்கள் பட்டியலில் உள்ள விதையல்ல. ஆகவே நானே செய்ய வேண்டியதாயிற்று. யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் காய்கறி வெட்டும் தடித்த வெள்ளைப் பலகைகள் ஆறு வாங்கினேன். உணவகம் திறக்கப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். பழைய தட்டின் தடிப்புக்கு ஒத்த பிளாஸ்டிக் பலகை அதைவிட இலகுவாக வேறெங்கும் அகப்படவில்லை.

லேத் பட்டறையில் முதலில் குழிகளை நேராகத் துளைத்துத் தந்தார்கள். அவர்கள் மேல் பிழையில்லை, நான்தான் சரியாகச் சொல்லவில்லை. நேர்த்துளையில் விதை இறங்கும், ஆனால் வெளியேறாது. நாக்கு வந்து அதை இரண்டாக வெட்டும். அரை உழுந்து முளைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழியின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடச் சற்று அகன்று சரிவாக இருக்க வேண்டும். இரண்டாவது முறை அப்படிச் செய்வித்ததும் சிக்கல் தீர்ந்தது. ஆறு பலகையில் மூன்று குப்பைக்குப் போனது.

கணக்கை ஒரேயொரு முறை போட்டேன், இதுவரை மாற்றவில்லை. தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது சில்லு 2.4 மீற்றர் ஓடும்படி பற்சில்லுகளை வைத்தேன். இனி வேலை முழுவதும் தட்டில்தான். 24 குழித் தட்டு என்றால் விதைக்கு விதை 10 சென்ரிமீற்றர், அது உழுந்துக்கும் பயறுக்கும். 16 குழி என்றால் 15, அது கச்சானுக்கு. 8 குழி என்றால் 30, அது சோளனுக்கு. தோட்டத்தில் நின்றுகொண்டு பற்சில்லு மாற்றுகிற வேலையே இல்லை. 45 சென்ரிமீற்றர் நிரை இடைவெளியில் ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறக்குறைய 560 மீற்றர் சால் வரும். அப்படியானால் கச்சான் விதை 3,700 அளவில். பெட்டியில் மிஞ்சியதை எண்ணாமல் நிறுத்தே பார்த்து, ஒழுங்காக விழுந்ததா என்று அன்றைக்கே அறியலாம்.

ஒழுங்காக விழ வேண்டுமென்றால் விதையும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். நாங்கள் வீட்டில் எடுத்து வைக்கும் விதையில் பெரியதும் சின்னதும் கலந்தே இருக்கும். கையால் போடும்போது அது ஒரு பொருட்டில்லை. இங்கே அது பெரிய பொருட்டு. இரண்டு அரிதட்டுகள் வைத்து, ஒன்றில் பெருத்ததை நிறுத்தி, மற்றதில் சிறுத்ததை இறக்கி, நடுவில் நிற்பதையே விதைக்கிறேன். மிகுதி வடைக்கும் தோசைக்கும். மனைவிக்கு இந்த விதைப்பானில் பிடித்த ஒரே அம்சம் அதுதான்.

கச்சான் தனியாகச் சொல்ல வேண்டியது. அதன் தோல் கழன்றால் முளைப்பு அடிபடும். முதலாவது போகத்தில் சாலைத் தோண்டிப் பார்த்தபோது பல விதைகளில் சிவப்புத் தோல் உரிந்திருந்தது. நாக்கை அழுத்தும் சுருள்வில் பழைய இறுக்கத்திலேயே இருந்தது காரணம். வில்லைத் தளர்த்தி, விதையோடு ஒரு சிட்டிகை காரீயத்தூள் (கிராபைட்) பிரட்டிப் போட்டதும் உரிவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கச்சானுக்கு மட்டும் இன்றும் நடையை மெதுவாக்கிக்கொள்கிறேன்.

இனி நிலத்துக்கு வருகிறேன். நான் மிகவும் ஏமாந்தது இங்கேதான். இரண்டு அலகுகளையும் ஒரே சட்டத்தில் பூட்டி, உறவினர் ஒருவரின் மாசி பெர்குசன் 135க்குப் பின்னால் தொங்கவிட்டேன். பார்க்க அழகு. ஆனால் என்னுடைய நாலு பரப்புத் துண்டின் நீளம் 45 மீற்றர். இரு தலைப்பிலும் உழவு இயந்திரம் திரும்ப ஐந்தாறு மீற்றர் வேண்டும். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் கிணற்றடி வாய்க்கால். நாலில் ஒரு பங்கு நிலம் திரும்புவதற்கே போய், பிறகு அதைக் கையால் விதைத்தோம். திரும்பிய இடமோ சில்லுகள் மிதித்து இறுகிக் கிடந்தது. ஒன்ராறியோவில் ஒரு சால் பிடித்தால் அரை மைல் போவார்களாம். இங்கே அரை நிமிடத்தில் அடுத்தவர் வேலியில் நிற்போம்.

இரண்டாவது போகத்துக்கு முன் எல்லாவற்றையும் பிரித்தேன். ஒரே ஒரு அலகை லாண்ட்மாஸ்டர் என்ற இரு சில்லுக் கை உழவு இயந்திரத்துக்குப் பின்னால், குழாயில் செய்த ஒரு கையோடு பூட்டினேன். தலைப்பில் தூக்க ஒரு நெம்புகோல். சில்லுத் தடங்களுக்கு நடுவில் கொழு ஓடுவதால் மிதிபட்ட மண்ணில் விதை விழுவதில்லை. திரும்ப இரண்டரை மீற்றர் போதும். ஒரு பரப்பு விதைக்கத் திருப்பங்களோடு அரை மணி நேரம் எடுக்கிறது. முன்பு இரண்டு பேர் குனிந்து நின்று ஒரு காலைப்பொழுது முழுவதும் செய்த வேலை. இரண்டாவது அலகு உதிரிப் பாகத்துக்கென்று கொட்டிலில் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கல். உரும்பிராய்ச் செம்மண்ணை எல்லோரும் புகழ்வார்கள். நானும் புகழ்வேன். ஆனால் கீழே சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிற நாடு இது. ஆழ உழுத ஒவ்வொரு முறையும் முட்டையளவு கற்கள் மேலே வருகின்றன. கொழு கல்லில் ஏறினால் அலகு துள்ளும், அந்த இடத்தில் விதை மண்ணின் மேலேயே கிடக்கும். பிறகு அதைக் காகமும் அணிலும் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு வருடமும் விதைப்பதற்கு முன் கல் பொறுக்கியே இடுப்பு ஒடிந்தது. இப்போது பரவாயில்லை. மண்வெட்டிக்கு மண்கட்டி தெரியாது, கொழுவுக்குத் தெரியும். ஆகவே ஒரு உழவு கூடுதலாகவே செய்கிறேன். அந்த டீசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். ஐப்பசியில் மழை விழுந்த மறுநாளே அவசரப்பட்டு இறங்கினால் மண் அழுத்துச் சில்லில் ஒட்டும். ஒட்டிய சில்லு உருளாமல் இழுபடும். சில்லு உருளாவிட்டால் தட்டும் சுழலாது. பின்னால் நடக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, சால் அழகாக மூடப்பட்டிருக்கும். ஆறாம் நாள் முளைவரும்போதுதான் வழுக்கைகள் தெரியும். பழைய மண்வெட்டித் தகட்டில் ஒரு வழிப்பான் செய்து சில்லுக்குப் பூட்டினேன். அதோடு, கையில் பிடித்த மண் உதிரும்வரை காத்திருப்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சட்டத்தை மீறுகிறேன்.

இன்னொரு வழுக்கைக்குக் காரணம் குளவி. ஆவணி முழுவதும் கொட்டிலில் கிடந்த விதைக்குழாய்க்குள் மண்கூடு கட்டியிருந்தது. பார்க்காமல் ஓட்டியதில் மூன்று நிரை முழுதாகப் போயிற்று. இப்போது வேலை முடிந்ததும் குழாயின் வாயில் பழந்துணி அடைத்து வைக்கிறேன். பெட்டியில் ஒரு விதையும் விடுவதில்லை. விட்டால் எலி பிளாஸ்டிக் தட்டையும் சேர்த்துக் கடிக்கும்.

2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அயலில் எல்லோரும் திண்டாடினோம். நவம்பரில் தடை தளர்ந்தபோது விதைப்பு நாள் பாதி கடந்திருந்தது. அந்தப் போகத்தில் ஆட்டெருவைச் சாலில் கையால் தூவிப் பிறகு விதைத்தேன். கட்டியெரு கொழுவில் சிக்கி இழுபட்டதால் உமி போலச் சலித்தே போட வேண்டியிருந்தது. 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டை வந்தது. வரிசையில் நின்று பெற்ற டீசலில் உழவுக்கே முன்னுரிமை. அந்த வருடம் லாண்ட்மாஸ்டரைக் கழற்றிவிட்டு, முன்னால் இருவர் கயிறு பிடித்து இழுக்க, நான் பின்னால் பிடித்து இரண்டு பரப்பு விதைத்தேன். செய்ய முடியும் என்று சொல்கிறேன், செய்யச் சொல்லவில்லை.

விதைக்கும் வேகத்தைவிட எனக்கு இதனால் பெரிய ஆறுதல் களையெடுப்பில்தான் கிடைத்தது. நிரை நேராகவும் இடைவெளி மாறாமலும் இருப்பதால், ஒற்றைச் சில்லுத் தள்ளுகொத்தை நிரைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். விதைத்த மூன்றாம் கிழமை ஒரு தடவை, ஐந்தாம் கிழமை ஒரு தடவை. செடிக்குப் பக்கத்தில் நிற்கும் புல்லை மட்டும் கையால் பிடுங்கினால் போதும். களையெடுக்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட ஊரில் இதன் பெறுமதி தெரியும்.

உழுந்து, பயறுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். அவற்றுக்கு 30 சென்ரிமீற்றர் நிரை நல்லது. லாண்ட்மாஸ்டரின் சில்லுத் தடத்தால் என்னால் 45க்குக் கீழே இறங்க முடியவில்லை. நெருக்கமாக விதைத்த பக்கத்துத் துண்டைவிட என் உழுந்து நிலத்தை மூட அதிக நாள் எடுத்தது. வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு இதனால் ஒரு பயனுமில்லை, அவை நடுகைப் பயிர்கள். இரண்டு பரப்பில் வீட்டுத் தேவைக்குப் பயிர் செய்பவருக்கு, கடைகளில் விற்கும் இலேசான தள்ளு விதைப்பான் போதும். நண்பர் ஒருவருடையதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். பொலபொலப்பான மண்ணில் குறை சொல்ல முடியாது, கல் தட்டும் நிலத்தில் பிளாஸ்டிக் கொழு தாங்கவில்லை. எட்டுப் பரப்புக்கு மேல் கச்சானோ சோளனோ போடுபவருக்கு, பக்கத்தில் ஒரு நல்ல லேத் பட்டறையும் இருந்தால், பழைய இரும்பு ஆகும்.

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து ஒரு நண்பர் வந்து, கொட்டிலில் கிடந்த இரண்டாவது அலகை விலை பேசினார். அவருக்கு இரண்டு ஏக்கர் ஒரே துண்டாக இருக்கிறது, தலைப்பில் திரும்பத் தாராளமாக இடம். இரும்பு நிறைக்கு என்ன வருமோ அதைத் தாருங்கள் என்று கொடுத்துவிட்டேன். தட்டுகளையும் கேட்டார். அவற்றைக் கொடுக்கவில்லை. அளவுகளைக் கடதாசியில் கீறி, அடிப்பக்கச் சரிவை இரண்டு முறை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.