30 பவுண்டா, 100 பவுண்டா, 120 கேலனா: நிறுத்திய ஆர்விக்குக் குளிர்கால கேஸ் கணக்கு

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் வில்லிஸ்டன் பக்கம் ஜனவரி இரவுகளில் மைனஸ் 25, 30 செல்சியஸ் வரை இறங்கும் நாட்கள் உண்டு. 2010-களின் தொடக்கத்தில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த பலர் அங்கே ஆர்வியிலேயே, அதாவது வீடுபோல் வாழ வசதியுள்ள வண்டியிலேயே, குளிர்காலத்தைக் கழித்தார்கள். அப்படி ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி வாழ்பவருக்கு, சூட்டுக்கும் சமையலுக்கும் எரிக்கும் புரொப்பேன் கேஸ் எங்கிருந்து, எந்தக் கலத்தில் வருகிறது என்பதே முதல் கேள்வி.

முதலில் செலவு. வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் மணிக்கு 30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று வையுங்கள். கடுங்குளிரில் நாளில் பாதி நேரமாவது எரியும். அதாவது 3,60,000 பிடியு. ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) புரொப்பேனில் சுமார் 91,500 பிடியு இருப்பதால், நாளுக்கு ஏறக்குறைய 4 கேலன். அடுப்பும் வெந்நீரும் இதற்கு மேல்.

வண்டியோடு வரும் 30 பவுண்டு (ஒரு பவுண்டு சுமார் 0.45 கிலோ) சிலிண்டர் இரண்டும் தலா 7 கேலன் பிடிக்கும். சேர்ந்து மூன்றரை நாள். நிரம்பிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாரம் இருமுறை பனியில் ஓட வேண்டும். ஒரு வாரத் தங்கலுக்கு இது போதும், முழுக் குளிர்காலத்துக்கு ஆகாது. கடையில் காலி சிலிண்டரைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் 20 பவுண்டு சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். எடை போட்டு நிரப்பித் தரும் இடத்துக்குப் போவதே லாபம்.

அலைச்சலைவிடப் பெரிய சிக்கல் ஆவியாதல். புரொப்பேன் மைனஸ் 42 செல்சியஸில் கொதிப்பதால் அங்கே ஏறக்குறைய அதையே தனியாக விற்கிறார்கள். பியூட்டேன் கலந்த நம் வீட்டு சமையல் கேஸ் அந்தக் குளிரில் சரியாக வேலை செய்யாது. ஆனால் திரவம் ஆவியாக வேண்டிய வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாகத்தான் வர வேண்டும். திரவம் நனைக்கும் பரப்பு எவ்வளவோ அவ்வளவே ஆவி. மைனஸ் 18-இல் உள்ளழுத்தம் சுமார் 24 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). மைனஸ் 29-இல் சுமார் 11. சிலிண்டர் கால்வாசிக்கு இறங்கிய நேரத்தில் ஃபர்னஸ் இழுத்தால் திரவம் இன்னும் குளிர்ந்து அழுத்தம் விழும். விசிறி ஓடும், பர்னர் பற்றி அணையும். தானாக மாறும் ரெகுலேட்டரும் சிவப்புக் காட்டி மற்ற சிலிண்டருக்குத் தாவும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் போகாதீர்கள். வெளிச்சுவரில் வெண்பனி படிந்திருக்கும். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரை திரவம் இருக்கிறது. வெயில் ஏறியதும் அதே சிலிண்டர் மறுபடி வேலை செய்யும்.

அடுத்தது 100 பவுண்டு சிலிண்டர்: 23.6 கேலன், ஆறு நாள். பரப்பு அதிகம் என்பதால் அழுத்தமும் நன்றாக நிற்கும். இழுத்துச் செல்லும் டிரெய்லர் வகை ஆர்வியில் ஒரு சிறு சிலிண்டரைக் கழற்றி அந்த இடத்தில் உயரழுத்த ஹோஸைப் பூட்டலாம்; மற்றது சேமிப்பாக இருக்கட்டும். டேங்க் அடியில் நிலையாகப் பொருத்தப்பட்ட, தானே ஓடும் மோட்டார் ஹோம் வகையில், ரெகுலேட்டருக்கு முன்னால் 'T' வடிவ இணைப்பு போட்டு இதைச் சேர்க்க வேண்டும். குறை, எடை: காலியாகவே 70 பவுண்டு, நிரம்பினால் 170. நிமிர்த்தி, கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். தனியாளுக்குச் சரிவராது.

மூன்று மாதம் அசையாமல் இருப்பவருக்கு என் பரிந்துரை கேஸ் விற்பனையாளரிடம் வாடகைக்கு எடுக்கும் 120 கேலன் டேங்க். 80 சதவீதம் நிரப்பினால் 96 கேலன், ஏறத்தாழ 24 நாள். லாரி வந்து நின்ற இடத்திலேயே நிரப்பும். ஆர்வி பார்க்கின் அனுமதியை முதலில் கேளுங்கள். கால்வாசிக்கு இறங்கும்வரை காத்திராமல் 30 சதவீதத்திலேயே லாரிக்குச் சொல்லிவிடுங்கள். பனிப்புயலில் லாரி வராது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: விற்பனையாளர் டேங்கில் வைக்கும் ரெகுலேட்டர் ஏற்கெனவே அடுப்புக்கும் ஃபர்னஸுக்கும் வேண்டிய 11 அங்குல நீரழுத்தத்துக்குக் குறைத்துத் தந்தால், அதை வண்டியின் ரெகுலேட்டருக்குப் பின்னால்தான் இணைக்க வேண்டும். முன்னால் இணைத்தால் இரண்டு முறை குறைந்து அடுப்புச் சுடர் சுருங்கிவிடும்.

மின் ஹீட்டர் இவற்றுக்குத் துணை, மாற்றல்ல. 1,500 வாட் ஹீட்டர் தருவது மணிக்கு சுமார் 5,100 பிடியு மட்டுமே. 30 ஆம்ப் இணைப்பில் ஒன்றுக்கு மேல் ஓட்டுவது சிரமம். அறை சூடாகிவிட்டால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்பாது. பல வண்டிகளில் ஃபர்னஸ் குழாயின் சூட்டுக்காற்றுதான் அடிவயிற்றில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காக்கிறது. அது நின்றால் முதலில் உறைவது அங்கேதான்.

எந்த வழியானாலும் சில காரியங்கள் மாறாது. காற்றைத் தடுக்க வண்டியின் கீழே சுற்றி மறைப்பு போடுங்கள், ஆனால் சிலிண்டர் அதற்கு வெளியே இருக்கட்டும்; புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் அங்கேயே தேங்கும். ரெகுலேட்டரின் காற்றுத் துளை கீழ்நோக்கி, பனி மூடாமல் இருக்க வேண்டும். இணைத்த பிறகு சோப்பு நுரை தடவிப் பாருங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள்: சட்டென்று திறந்தால் இணைப்பிலுள்ள பாதுகாப்பு வால்வு கசிவென்று எண்ணி ஓட்டத்தைக் குறைத்துவிடும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் பொறுத்து, மறுபடி மெல்லத் திறக்க வேண்டும்.