நெல்லுக்கு நீர்: தேக்கி வைப்பதா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் களை அடங்கும், வேலையும் குறையும். ஆனால் மண்ணில் காற்றோட்டம் இருக்காது, மீத்தேன் வாயுவும் அதிகமாக வெளியேறும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் முறை. இதில், துளையிட்ட குழாயை மண்ணில் பதித்து நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், மேலே 5 செ.மீ. நிற்குமளவு பாய்ச்சினால் போதும். தண்ணீர் 30 சதவீதம் வரைகூட மிச்சமாகும். விளைச்சல் பெரும்பாலும் குறைவதில்லை. களைதான் தொல்லை. அப்புறம், பூக்கும் சமயத்தில் காயப்போடவே கூடாது. மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதராகிவிடும்.

பாசனம் கைவசம் இருந்தால் என் ஓட்டு இரண்டாவதற்கே. மணற்பாங்கான நிலத்துக்கு மட்டும் யோசிப்பேன். அங்கே ஈரம் சட்டென்று வடிந்துவிடும்.