பெட்டியா, ஆல்பமா, சுவரா: போஸ்ட்கார்டுகளை வீட்டில் எப்படி வைப்பது?

போஸ்ட்கார்டு சேர்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு நாள் வரும். எவ்வளவு தள்ளினாலும் இழுப்பறை மூட மாட்டேன் என்று நிற்கும். உள்ளே பார்த்தால் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, பழைய கடித உறைக்குள் கொஞ்சம், புத்தகங்களின் நடுவே செருகியது மீதி. சரி, இன்றைக்கு ஒழுங்குபடுத்திவிடலாம் என்று உட்கார்ந்தால் மூன்று வழிகள் தெரியும்: பெட்டியில் நிறுத்தி வைக்கலாம், ஆல்பத்தில் போடலாம், சுவரில் மாட்டலாம். மூன்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஒன்றோடொன்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் ஒரே ஒரு கேள்விதான்: கார்டைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா?

ஏன் என்று ஒரு கார்டை வைத்தே சொல்கிறேன். கடற்கரை ஓரமாக ஒரு பெரிய ஹோட்டல். கறுப்பு வெள்ளைப் படம். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலின் மேல் மையால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. படத்தை மட்டும் பார்த்தால் யாரோ கிறுக்கியதுபோல இருக்கும். திருப்பினால்தான் விஷயம் புரியும்: "குறி போட்டிருக்கும் ஜன்னல்தான் எங்கள் அறை. ராத்திரி முழுக்க அலைச் சத்தம்." பின்பக்கம் இல்லாவிட்டால் அந்தக் குறி வெறும் கறை. போஸ்ட்கார்டு பிறந்ததே எழுதுவதற்காகத்தான். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி அஞ்சல் துறை வெளியிட்ட முதல் கார்டில் காட்சிப் படம் எதுவும் கிடையாது. படம் அப்புறம் வந்து சேர்ந்தது. அதனால் படத்தைக் காட்டிவிட்டுப் பின்பக்கத்தை மறைக்கிற எந்த ஏற்பாடும் பாதிக் கார்டைத்தான் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பெட்டி

பெரும்பாலும் எல்லாரும் தொடங்குவது ஷூ பெட்டியில்தான். அளவு ஏறக்குறைய பொருந்தும், கையருகே இருக்கும். ஆனால் சாதாரண அட்டையில் லிக்னினும் (மரக்கூழோடு வருகிற பொருள்) அமிலமும் இருக்கின்றன. வருடங்கள் போகப் போக அது தானும் பழுத்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கார்டுகளின் ஓரத்தையும் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டையில் செய்த பெட்டி இதற்கென்றே கிடைக்கிறது. உடனே வாங்க முடியாவிட்டால், ஒவ்வொரு கார்டுக்கும் நல்ல உறை போட்டு ஷூ பெட்டியில் வைப்பது உறையே இல்லாமல் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

வாங்கும் முன் உள்ளளவைப் பாருங்கள். பழைய கார்டுகள் பெரும்பாலும் 9 × 14 சென்டிமீட்டர். இப்போது வருபவை 10.5 × 15 வரை போகும். பழைய அளவுக்குச் செய்த பெட்டியில் புதியவை நுழையாது. பெரிய அளவுக்கு வாங்கினால் இரண்டும் நிற்கும். ஒரு கார்டின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். உறையும் பிரிப்பு அட்டைகளும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 30 சென்டிமீட்டர் நீளப் பெட்டியில் 500 முதல் 600 கார்டுகள் தாராளமாக நிற்கும். அத்தனையையும் ஆல்பத்தில் போட்டால் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் போய்விடும்.

கார்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். நீள ஓரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். இறுக்கமாக அடைத்தால் ஒன்றை உருவும்போது பக்கத்துக் கார்டின் மூலை மடங்கும். ரொம்பத் தளர்வாக விட்டால் கார்டுகள் சரிந்து வளைந்து, அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். கட்டுக்கு நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். பெட்டி நிறையும்வரை, மிச்ச இடத்தில் அமிலமற்ற அட்டை ஒன்றை மடித்துச் செருகி வையுங்கள்.

உறையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிவிசி உறையைப் பிரித்ததும் புது ரெயின்கோட்டின் வாசனை அடிக்கும். அதை இளக்கமாக்கச் சேர்த்த ரசாயனம் கசிந்து கார்டின் மேல் எண்ணெய்ப் பசையாகப் படியும்; கூடவே அமிலமும் வெளிவரும். வாசனை வந்தால் வேண்டாம். பாலிப்ரோபிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் பாதுகாப்பானவை. அச்சிட்ட கார்டுகளுக்கு இவை போதும்.

ஒரு வகை மட்டும் விலக்கு: நிஜப் போட்டோ கார்டுகள். போட்டோ தாளிலேயே கழுவி எடுத்தவை. அடையாளம் காண ஒரு பூதக்கண்ணாடி போதும். அச்சிட்ட கார்டில் படம் புள்ளி புள்ளியாகப் பிரியும். போட்டோ கார்டில் எவ்வளவு கிட்டப் போனாலும் புள்ளி தெரியாது, சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டே போகும். அந்தப் படம் ஒரு மெல்லிய ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் இளகி, அழுத்திக்கொண்டிருக்கும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரியும். ஈரம் அதிகமான இடத்தில் இருப்பவர்கள் இவற்றுக்கு அமிலமற்ற காகித உறை போடுவது நல்லது.

பெட்டியின் பெரிய பலம், புதிதாக வரும் கார்டை எந்த இடத்திலும் நுழைக்கலாம் என்பது. அதோடு, உருவினால் கார்டு கையில். திருப்பினால் பின்பக்கம் கண்ணில். என் அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது. பலவீனமும் தெரிந்ததுதான். மூடி வைத்த பெட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள், சில சமயம் வைத்திருப்பவரே பார்க்க மாட்டார்.

ஆல்பம்

ஆல்பம் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. தரத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, கார்டைப் பதித்து, மறுபடி மூடுகிற ஒட்டும் பக்க ஆல்பம் ஒன்று இருக்கிறது. காந்த ஆல்பம் என்றும் சொல்வார்கள். இது வேண்டவே வேண்டாம். பக்கத்தில் கோடு கோடாகப் பூசிய பசை நாளடைவில் மஞ்சளாகி இறுகி, கார்டைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே அதில் மாட்டிய கார்டு இருந்தால் விரலால் நெம்பாதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகில்லாத நூலைக் கார்டுக்குப் பின்னால் கொடுத்து, மெதுவாக ரம்பம் இழுப்பதுபோல இழுத்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் பக்கத்தைச் சுற்றிலும் வெட்டி அப்படியே வைத்திருங்கள். கிழிந்த பின்பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூலைகளைச் செருகுகிற பழைய பாணி ஆல்பம் பார்க்க அழகு. கறுப்புப் பக்கத்தில் கார்டு உட்கார்ந்திருப்பதற்கு ஈடே இல்லை. ஆனால் பின்பக்கத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் நாலு மூலையையும் கழற்ற வேண்டும். மூலையில்தான் கார்டு முதலில் நைந்துபோகும். பக்கத்திலேயே வெட்டிய பிளவுகளில் செருகும் ஆல்பங்களில் இருந்த பழைய கார்டுகளைப் பார்த்தால் தெரியும்: நாலு மூலையிலும் சாய்வாக ஒரு தடம் விழுந்திருக்கும்.

மிஞ்சுவது பை வைத்த ஒளிபுகும் பக்கங்கள். பெட்டிக்கு உண்மையான போட்டி இதுதான். ஒரு பையில் ஒரே ஒரு கார்டு போட்டால், பக்கத்தைப் புரட்டினாலே பின்பக்கம் தெரியும். கார்டை விரலால் தொடக்கூட வேண்டாம். இந்த விஷயத்தில் ஆல்பம் பெட்டியையே ஜெயிக்கிறது. ஆனால் பக்கத்தை மிச்சப்படுத்த ஒரு பையில் இரண்டு கார்டுகளை முதுகோடு முதுகாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சிக்கனத்தில் இரண்டு பின்பக்கங்களும் காணாமல் போய்விடும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டேன். ஹோட்டல் ஜன்னல் கார்டு வேறொன்றோடு முதுகு ஒட்டி வருடக்கணக்காக இருந்தது. மையால் போட்ட அந்தக் குறியை அத்தனை நாளும் அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

இன்னொரு சிரமம் நெட்டுக் கார்டும் கிடைக் கார்டும் கலந்து வருவது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினால் வரிசை குலையும். இதற்கு நல்ல தீர்வு இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. வளையம் வைத்த ஆல்பம் வாங்குவதானால் ஒரு பக்கம் தட்டையான வளையமாகப் பார்த்து வாங்குங்கள். முழு வட்ட வளையத்தில் ஓரப் பக்கங்கள் வளைந்து, உள்ளே இருக்கும் கார்டும் கூடவே வளையும். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள்.

அப்படியானால் ஆல்பம் எதற்கு? கதை சொல்ல. ஒரே துறைமுகத்தின் கார்டுகள் உங்களிடம் ஐந்தாறு இருக்கின்றன என்று வையுங்கள். முதலில் கையால் வண்ணம் தீட்டியது, அடுத்து 1930-களின் துணி இழை போன்ற சொரசொரப்பும் அடர்ந்த நிறமும் கொண்டது, அதற்குப் பின் பளபளக்கும் வண்ணப் புகைப்படக் கார்டு. எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் புரட்டினால் பாய்மரம் போய்ப் புகைபோக்கி வருவதும், கரையில் கட்டடம் முளைப்பதும் கண் முன்னே நடக்கும். ஒரே ஆள் பல வருடங்களாக எழுதிய கார்டுகளுக்கும் ஆல்பம்தான் சரி. முடிந்துபோன தொகுப்புக்கு ஆல்பம், வளர்ந்துகொண்டே இருக்கும் தொகுப்புக்குப் பெட்டி என்று நான் பிரித்துக்கொண்டேன்.

சுவர்

சுவரில் மாட்டினால் தினமும் கண்ணில் படும். அந்தச் சந்தோஷம் சின்னதல்ல. ஆனால் அசல் கார்டை நிரந்தரமாக மாட்ட என் கை வராது.

காரணம் வெளிச்சம். வெளிச்சம் செய்கிற சேதம் கூடிக்கொண்டேதான் போகும். இருட்டில் வைத்தால் போன நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட காகிதப் பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள்; அதிலும் சில மாதங்களில் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். நம் வீட்டு ஜன்னலோரம் அதைப் பல மடங்கு தாண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நிறத்தை வெளுக்க வைக்கும். முதலில் போவது பெரும்பாலும் எழுத்து. பழைய கார்டுகளில் ஊதா மையால் எழுதியிருப்பார்கள். அது சாயம், சீக்கிரம் வெளுத்துவிடும்.

நூல் கட்டிக் கிளிப் மாட்டுவது இன்றைக்கு வந்த புதுக் கார்டுகளுக்குச் சரி. பழையவற்றுக்குக் கிளிப் பள்ளம் விழும், கார்டு சுருளும், தூசி படியும். குண்டூசியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த பிரேம் பின்பக்கத்தைக் காட்டும், ஆனால் அந்தப் பக்கத்தையும் வெளிச்சத்துக்குக் கொடுத்துவிடும்.

படப் பக்கத்திலேயே எழுத்தும் இருக்கிற கார்டுகள் உண்டு. ஒரு காலத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுதலாம் என்று பிரிட்டன் 1902-லும் ஜெர்மனி 1905-லும் அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. அதற்கு முந்தைய கார்டுகளில் சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்தில், வானத்தில், தண்ணீரின் மேல் என்று கிடைத்த இடத்தில் நுணுக்கி எழுதியிருப்பார்கள். பிரேமில் போட்டாலும் படித்துவிட முடிகிற கார்டுகள் இவைதான். வெளிச்சத்தை நினைத்து இவற்றையும் நான் மாட்டுவதில்லை.

மாட்டுவது நகலை. இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, அசல் அளவிலேயே நல்ல தாளில் அச்சிட்டால் நாலடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நகல் வெளுத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். அசலே வேண்டும் என்பவர்களுக்கு, வெயில் படாத சுவரில் ஒரு மெல்லிய தட்டுப் பலகை: அதில் இரண்டு கார்டுகளைச் சாய்த்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம்.

எந்த வரிசையில்?

இடவாரியாக அடுக்குவதா, பொருள்வாரியாகவா, அனுப்பியவர்வாரியாகவா? பாலம், ரயில், பறவை என்று பொருள்வாரியாகப் பிரிப்பது முதலில் உற்சாகமாக இருக்கும். ஆனால் பாலத்தின் மேல் ரயில் போகும் கார்டை எங்கே வைப்பது? இன்றைக்குப் பாலத்தில் வைப்போம், அடுத்த வருடம் ரயிலில் தேடுவோம். இடம் அப்படி மாறாது. காட்சிக் கார்டுகளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் அச்சிட்டே இருக்கும். அதனால் பெட்டிக்குள் நாடு, ஊர், பிறகு காலம். வாழ்த்து, ஓவியம்போல இடமே இல்லாத கார்டுகளுக்கு மட்டும் கடைசியில் பொருள்வாரியாக ஒரு பகுதி. முன்பின் தெரியாதவர்கள் உலகெங்கும் ஒருவருக்கொருவர் கார்டு அனுப்ப 2005-ல் தொடங்கிய போஸ்ட்கிராஸிங் என்ற இணையதளம் வழியாக வரும் கார்டுகளில் நாட்டுக் குறியும் எண்ணும் எழுதியே வரும். அவற்றை அந்த எண் வரிசையில் வைத்தால் வேலை மிச்சம்.

மற்ற வகைப் பிரிவெல்லாம் பட்டியலுக்கு விட்டுவிடலாம். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை உறையின் மேல் எழுதி, ஸ்கேன் கோப்புக்கும் அதே எண்ணை வையுங்கள். கணினியில் ரயில் என்று தேடினால் ரயில் வரும். கார்டு தன் ஊரிலேயே இருக்கும். கார்டின் மேலேயே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் மென்மையான பென்சிலால் பின்பக்க மூலையில், அழுத்தாமல். பேனா கூடவே கூடாது.

இடம் எதுவானாலும் சில விஷயங்கள் பொது. ரப்பர் பேண்ட் இளகி ஒட்டும், கிளிப் துருப்பிடிக்கும், செலோடேப் கறை போகாது; மூன்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். பரணிலும் தரையிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதை ரொம்பத் தாண்டினால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும். பூச்சிக்கு ஸ்டாம்புக்குப் பின்னால் இருக்கும் பசை என்றால் விருந்து.

என் வீட்டில் இப்போது பெரும்பகுதி பெட்டியில், இரண்டு தொகுப்புகள் ஆல்பத்தில். சுவரில் ஒரே ஒரு பிரேம். அதில் ஹோட்டல் கார்டின் இரண்டு நகல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: இடப்பக்கம் குறி போட்ட ஜன்னல், வலப்பக்கம் அலைச் சத்தம் பற்றிய அந்த வரி.