படத்துக்குள்ளே விளம்பரமா, இடைவேளையிலா?

வேலூர் லாங் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர் சினிமா வழியாக விளம்பரம் செய்ய நினைத்தால் வழி இரண்டு. இடைவேளையில் கடைப் பெயரைத் திரையில் போடலாம். அல்லது கதாநாயகன் மாட்டும் ஷூவாகப் படத்துக்குள்ளேயே நுழையலாம்.

இடைவேளை விளம்பரம் நேரடியானது. பெயர், போன் நம்பர், ஆடித் தள்ளுபடி எல்லாம் சொல்லிவிடலாம். காட்பாடியில் மட்டும் ஓட்டு என்றால் அங்கே மட்டும் ஓடும். என்ன, பாதிப் பேர் அப்போது பாப்கார்ன் வரிசையில் நிற்பார்கள்.

காட்சிக்குள் வரும் பொருளைப் பார்க்காமல் எழுந்து போக முடியாது. 1982-ல் வந்த ‘இ.டி.’ என்ற ஹாலிவுட் படத்தில் சிறுவன் வேற்றுக்கிரக உயிரை மிட்டாய் போட்டுத்தான் வீட்டுக்கு வரவைப்பான். எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் மறுத்துவிட, அந்த இடம் ஹெர்ஷி நிறுவனத்தின் ரீசஸ் பீசஸ் மிட்டாய்க்குப் போனது. பதிலுக்கு ஹெர்ஷி தன் செலவில் படத்தையும் விளம்பரப்படுத்தியது. மிட்டாய் விற்பனை எகிறியது. அங்கே மிட்டாய்க்குக் கதையில் வேலை இருந்தது. நம் சீரியலில் மாமியார் சண்டையை நிறுத்திவிட்டு மசாலா பாக்கெட்டைக் கேமரா பக்கம் திருப்புகிறாரே, அது எந்தக் கணக்கு? பிரிட்டன் டிவியில் 2011 முதல் இப்படிக் காசு வாங்கிப் பொருள் காட்டும் நிகழ்ச்சிக்கு திரையில் ‘பி’ (P) என்ற எழுத்து முத்திரை போட வேண்டும். இங்கேயும் போடலாம்.

ஊர்க் கடைக்கு இடைவேளையே போதும். ஆம்பூரில் ஷூ செய்து சொந்த பிராண்டில் நாடு முழுக்க விற்பவர் இரண்டாவதை யோசிக்கலாம். ஆனால் எடிட்டிங்கில் காட்சி போய்விட்டால் பணம் திரும்புமா என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.